காசு கட்டினாத்தான் திறக்கிற லிங்கை ஊர்க் குறூப்பில போடலாமோ?

தம்பி, உங்கட கேள்வியை மற்ற ஆக்களுக்கும் விளங்கிறமாதிரி முதல் சுருக்கிச் சொல்லுறன். மல்லாவிப் பக்கம் நீங்கள் ஒரு ஊர் வட்ஸ்அப் குறூப் நடத்துறியள், அதில ஏஎல் படிக்கிற பிள்ளையள், வயல் செய்யிற ஆக்கள், கம்பஸ் பெடியள், கனடா லண்டனில இருக்கிற எங்கட சனம் எல்லாம் கலந்து இருக்கினம். அதுக்க ஆராவது காசு கட்டி உறுப்பினரானாத்தான் வாசிக்கலாம் எண்ட தளத்தின்ர லிங்க் போட்டால் ஒரு பகுதி "இதைத் திறக்கேலாது, ஏன் போடுறியள்" எண்டு கோவிக்குது, இன்னொரு பகுதி "அறிவான விசயம்தானே, விருப்பமில்லாட்டி விடுங்கோ" எண்டுது, அட்மினா நீங்கள் தடைசெய்யிறதோ விடுறதோ எண்டும், சட்டம் என்ன சொல்லுது எண்டும் கேக்கிறியள்.

என்ர பதில், போடலாம், தடைசெய்ய வேண்டாம். ஆனா லிங்கை மட்டும் போட்டிட்டுப் போற பழக்கத்தை நிப்பாட்டோணும். போடுற ஆள் உள்ளுக்க என்ன எழுதியிருக்கு எண்டு தன்ர சொந்தச் சொல்லில நாலைஞ்சு வரி எழுதோணும், இது காசுத் தளம் எண்டு முதலே சொல்லோணும், அதே விசயம் சும்மா கிடைக்கிற இடம் இருந்தா அதைத்தான் முதல் போடோணும். பாஸ்வேட் குடுக்கிறது, காசுக்கு விக்கிறதை களவா இறக்கிப் போடுறது எல்லாம் இந்தக் கணக்குக்க வராது, அதுக்கு ஏலாது எண்டுதான் சொல்லுவன். ஏன் எண்டு விரிவாச் சொல்லுறன், கொஞ்சம் நீளம்தான், பொறுமையா வாசியுங்கோ.

முதல் எங்கட சனம் ஒரு லிங்கை எப்பிடித் திறக்குது எண்டு பாருங்கோ. கனபேர் போடுறது வட்ஸ்அப், பேஸ்புக், யூரியூப் மட்டும் ஓடுற டேற்றா பக்கேஜ். குறூப்புக்க வாற மெசேஜ் வாசிக்கலாம், வொய்ஸ் கேக்கலாம், ஆனா வெளியால போற லிங்கை அமத்தினா ஒண்டில் திறக்காது, இல்லாட்டி ரீலோட் காசில இருந்து வெட்டும். ஒட்டுசுட்டானுக்கு உள்ளுக்க, நெடுங்கேணிப் பக்கம், துணுக்காயில சில இடங்களில சிக்னலே முத்தத்தில நிண்டு தேடவேணும். அப்பிடிக் கஸ்ரப்பட்டுத் திறக்கேக்க இங்கிலீசில ஒரு பெட்டி வந்து "உறுப்பினராகுங்கோ, மாசம் இத்தினை டொலர்" எண்டு நிக்கும். டொலரில கட்ட விசா, மாஸ்ரர் காட் வேணும், அதிலயும் வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு வங்கியில சொல்லித் திறந்து வைச்சிருக்கோணும், மரக்கறி வித்துச் சீவிக்கிற ஒரு அம்மாவிட்ட அது இருக்குமே? 2022 மார்ச் தொடக்கத்தில டொலர் 200 ரூபா அளவில இருந்து மே மாசம் 360க்குப் போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், 10 டொலர் சந்தா ரெண்டு மாசத்துக்க 2000 ரூபாயில இருந்து 3600 ஆச்சு, அந்தநேரம் பிள்ளையின்ர படிப்புக்கெண்டு வைச்சிருந்த சந்தாவையே வெட்டின வீடுகள் இருக்கு. காசு குறைஞ்ச ஆளைத் திரும்பத் திரும்ப பூட்டின படலைக்கு முன்னால கொண்டுபோய் விட்டா அந்த ஆள் கொஞ்ச நாளில குறூப்பில எதையும் அமத்தாது, பேந்து நீங்கள் உண்மையிலயே உதவுற இலவச லிங்க் போட்டாலும் பாக்காது. எனக்கு இதுதான் பெரிய கவலை.

அதுக்காக லிங்க் போடுற ஆளை உடன திட்டவும் கூடாது. ஏனெண்டா பாதிப்பேருக்கு தாங்கள் போடுறது காசுத் தளம் எண்டே தெரியாது. இது எப்பிடி நடக்குது எண்டு விளங்கப்படுத்துறன். சில பத்திரிகையள் மாசத்துக்கு இத்தினை கட்டுரை சும்மா, அதுக்குப் பிறகு காசு எண்டு வைச்சிருக்கும், நீங்கள் எத்தினை வாசிச்சியள் எண்டு உங்கட பிரௌசருக்க ஒரு சின்னக் குறிப்பு எழுதி வைச்சுத்தான் எண்ணும். அதால உங்களுக்குத் திறந்த அதே கட்டுரை பக்கத்து வீட்டுக்காரருக்குத் திறக்காது. இன்னொண்டு, கூகிளில தேடி அந்தவழியா வந்தா முதல் கட்டுரையைச் சும்மா காட்டவேணும் எண்டு 2008இல இருந்து கூகிள் ஒரு ஒழுங்கு வைச்சிருந்தது, 2017 ஒக்ரோபரோட அதை எடுத்திட்டினம், "கூகிளில அடிச்சா திறக்குமே" எண்டு இப்பவும் சொல்லுற ஆக்கள் அந்தக் காலத்து ஞாபகத்தில சொல்லுகினம்.

கம்பஸ் பெடியளின்ர கதை வேற. கிளிநொச்சி அறிவியல் நகரில யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர விவசாய பீடம், பொறியியல் பீடம் இருக்கு, வவுனியா வளாகம் 2021இல தனிப் பல்கலைக்கழகமாச்சு. பல்கலைக்கழகம் ஒண்டு ஒரு தளத்துக்குச் சந்தா கட்டியிருந்தா அந்த வைபையில இருக்கிற எவருக்கும் பாஸ்வேட் கேக்காமலே ஆய்வுக்கட்டுரை திறக்கும், ஏனெண்டா அந்தத் தளம் ஆளைப் பாக்கிறேல்ல, எந்த நெற்வேர்க்கில இருந்து வருது எண்டு பாத்து விடுது. பெடியன் அதை "சும்மா கிடக்கு, வாசியுங்கோ" எண்டு ஊர்க் குறூப்பில போடுவான், அப்பா வீட்டில திறந்தா 35 டொலர் கேக்கும். பெடியன் பொய் சொல்லேல்ல. அதால எல்லாருக்கும் நான் சொல்லிக் குடுக்கிற ஒரு சோதனை இருக்கு, லிங்க் போட முதல் போன் பிரௌசரில இன்கொக்னிரோ எண்டு ஒரு மறைவுப் பக்கம் இருக்கு, வைபையை நிப்பாட்டிப்போட்டு டேற்றாவில அந்தப் பக்கத்துக்க லிங்கை ஒட்டிப் பாருங்கோ. அதில திறந்தா ஊரில மற்ற ஆக்களுக்கும் பெரும்பாலும் திறக்கும், மேல சொன்னமாதிரி எண்ணிக்கை வைக்கிற பத்திரிகையெண்டா மட்டும் இலவசக் கணக்கை முடிச்ச ஆளுக்குத் திறக்காது. இதே சோதனையைக் கூகிள் டிரைவ் லிங்குக்கும் செய்யுங்கோ, எங்கட குறூப்புகளில காசுத் தளத்தை விட "அனுமதி கேளுங்கள்" எண்டு நிக்கிற டிரைவ் லிங்குதான் கூடப் பிள்ளையளின்ர நேரத்தைத் தின்னுது, பரீட்சைக்கு முதல் நாள் இரவு ஒரு பாஸ் பேப்பருக்காக அனுமதி கேட்டிட்டு விடிய விடிய இருந்த பிள்ளையளை எனக்குத் தெரியும்.

இனி, அந்தத் தளங்கள் ஏன் காசு கேக்குது எண்டதையும் நேர்மையாப் பாக்கவேணும். "அறிவை விக்கிறாங்கள்" எண்டு மொத்தமாச் சாடுறது சரியில்லை. பத்திரிகைக்கு நிருபருக்குச் சம்பளம் வேணும், விளம்பரக் காசு இன்ரநெற்றில கூகிளுக்கும் பேஸ்புக்குக்கும் போயிட்டுது. வோல் ஸ்ரீட் ஜேர்னல் 1997இலயே இணையத்தில காசு கேக்கத் தொடங்கினது. நியூயோர்க் ரைம்ஸ் 2011 மார்ச் 28இல இருந்து மாசம் 20 கட்டுரைதான் சும்மா எண்டது, அடுத்த வருசம் அதை 10 ஆக்கினது. கார்டியன் மாதிரி ஒண்டு ரெண்டு எல்லாத்தையும் திறந்து வைச்சு வாசகரிட்ட உதவி கேட்டு நடக்குது. தமிழிலயும் விகடன் மாதிரி ஆக்கள் சந்தாக்காரருக்கு மட்டும் எண்டு கட்டுரையள் வைச்சிருக்கினம். ஊர் ஊராப் போய் எழுதுற ஒரு நிருபரின்ர உழைப்புக்கு வாசகன் காசு குடுக்கிறதில எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. அதாலதான் கட்டுரையை முழுசா வெட்டி ஒட்டுறதுக்கும் நான் எதிர், ஸ்கிறீன்சொட் எட்டுப் பத்து எடுத்துப் போடுறதும் அதேதான்.

ஆனா அந்தப் பத்திரிகையளே ஒரு வழி வைச்சிருக்கு, எங்கட சனத்துக்கு இது தெரியாமல் கிடக்கு. சந்தா கட்டின ஆள் தன்ர கணக்கில இருந்து "பரிசுக் கட்டுரை" எண்டு ஒரு லிங்க் எடுத்து அனுப்பலாம், வாங்கிற ஆள் காசில்லாமல் முழுக்க வாசிக்கலாம். நியூயோர்க் ரைம்ஸில மாசம் 10 கட்டுரை அப்பிடிக் குடுக்கலாம், வேற சில பெரிய பத்திரிகையளிலயும் இது இருக்கு. ரொறொன்ரோவில இருந்து லிங்க் போடுற மாமாமாருக்கு இதைச் சொல்லிக் குடுங்கோ. அவை சந்தா கட்டித்தான் இருக்கினம், பொத்தான் எங்க இருக்கு எண்டு தெரியாமல்தான் மேல இருக்கிற வெறும் விலாசத்தைக் கொப்பி பண்ணி அனுப்புகினம்.

ஆய்வுக்கட்டுரை விசயத்தில என்ர மனம் கொஞ்சம் வேறமாதிரி. அங்க ஒரு கட்டுரைக்கு 30, 40 டொலர் கேப்பினம், இண்டைய கணக்கில பத்தாயிரம் ரூபா அளவில வரும், அந்தக் காசில எழுதின ஆளுக்கு ஒரு சதம் போகாது. ஆய்வு செய்யிற ஆக்களுக்கு ஜேர்னல் எண்ட ஆய்விதழ் சம்பளம் குடுக்கிறதில்லை, கனநேரம் அந்த ஆய்வே அரச காசில நடந்தது. அதால எழுதின ஆக்கள் தங்கட எழுத்தை ஆராவது வாசிச்சாச் சந்தோசப்படுவினம். கட்டுரையின்ர முதல் பக்கத்தில மின்னஞ்சல் இருக்கும், "நான் முல்லைத்தீவில விவசாயம் செய்யிறன், உங்கட கட்டுரை வேணும்" எண்டு ரெண்டு வரி எழுதிக் கேட்டா அனுப்பிவைக்கிற ஆக்கள் கனபேர். பயப்படத் தேவையில்லை, இது ஆய்வுலகத்தில வழமையான விசயம்.

அதுக்கு முதலும் தேடுற வழியள் இருக்கு. ஆய்வுக்கட்டுரை தேடுற கூகிள் ஸ்கொலரில கட்டுரைப் பேரை அடிச்சா வலப்பக்கம் பிடிஎவ் எண்டு இருக்கோ எண்டு பாருங்கோ, இல்லாட்டி கீழ "எல்லாப் பதிப்புகளும்" எண்டதை அமத்துங்கோ, அதே கட்டுரையை எழுதின ஆளோ அவற்ற பல்கலைக்கழகமோ திறந்து வைச்சிருக்கும். கொம்பியூட்டர் வைச்சிருக்கிற பெடியள் அன்பேவோல் எண்ட சின்னச் செயலியை பிரௌசரில போட்டா, சட்டப்படி இலவசமாக் கிடக்கிற பிரதி எங்க எண்டு அதுவே காட்டும். ஜேஸ்ரோர் எண்ட ஆய்வுக்கட்டுரைத் தளத்தில ஒரு கணக்குத் திறந்தா காசில்லாமல் மாசம் 100 கட்டுரை வரை இணையத்தில வைச்சு வாசிக்கலாம், கலைப்பிரிவுப் பிள்ளையளுக்கு, வரலாறு படிக்கிற ஆக்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம். இலங்கை ஆய்விதழ்கள் கனக்க ஶ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் எண்ட தளத்தில திறந்தே கிடக்கு. எங்கட தமிழ்ப் புத்தகங்கள், பழைய பத்திரிகையள், சஞ்சிகையள், பாடசாலை மலர்கள் எண்டா 2005இல தொடங்கின நூலகம் இணையத்தளம் இருக்கு, எல்லாம் இலவசம். இடம்பெயர்வில வீட்டில இருந்த ஒரு புத்தகமும் மிஞ்சாத வன்னிச் சனத்துக்கு நூலகத்தின்ர பெறுமதியை நான் சொல்லவேண்டியதில்லை. ஆராவது ஒரு ஈழத்துப் பழைய நூலைக் காசுத் தளத்தில இருந்து லிங்க் போட்டால் முதல் நூலகத்தில தேடிப் பாத்திட்டு வாங்கோ எண்டு சொல்லுங்கோ.

விக்கிபீடியாவில இந்தக் கேள்வி கனகாலத்துக்கு முதலே வந்து ஒரு முடிவு எடுத்திருக்கினம், அது எனக்குச் சரியாப் படுது. ஒரு தகவலுக்கு ஆதாரமாக் காட்டுறது காசுத் தளமா இருந்தாலும் ஏற்றுக்கொள்ளுவினம், திறக்கக் கஸ்ரம் எண்டதுக்காக நல்ல ஆதாரத்தைத் தள்ளக்கூடாது எண்டு. ஆனா அந்த மேற்கோளுக்குப் பக்கத்தில சின்னப் பூட்டுப் படம் போட்டு, இது சந்தாக்காரருக்கு மட்டும் எண்டு காட்ட வழி வைச்சிருக்கினம். கட்டுரைக்குக் கீழ "வெளி இணைப்புகள்" எண்டு வாசகர் போய்ப் பாக்கிறதுக்காகப் போடுற லிங்குகளில உறுப்பினர் தளங்களைத் தவிர்க்கச் சொல்லுவினம். ஆதாரத்துக்குக் காட்டுறதும் போய் வாசி எண்டு அனுப்புறதும் ரெண்டு வேற தேவை. உங்கட குறூப்பிலயும் அப்பிடியே பாருங்கோ. "நான் சொல்லுறதுக்கு ஆதாரம் இது" எண்டு காசு லிங்க் வைக்கிறது நல்ல பழக்கம், விளக்கம் மெசேஜுக்குள்ளயே இருக்கு, லிங்க் திறக்காட்டியும் ஆள் ஒண்டையும் இழக்கேல்ல.

ஒரு உதாரணம் எழுதிக் காட்டுறன், காலபோகத்தில நெல்லுக்கு அறக்கொட்டியான் எண்ட பூச்சி விழுந்தா குறூப் முழுக்கப் பதறும்தானே. அந்தநேரம் ஒரு விவசாய பீடப் பெடியன் வெறும் லிங்க் போடாமல் இப்பிடி எழுதலாம்: "இது ஒரு ஆய்வுக்கட்டுரை, முழுக்க வாசிக்கக் காசு கேக்கும், மேல இருக்கிற சுருக்கம் மட்டும் சும்மா வாசிக்கலாம். சொல்லுற விசயம், இந்தப் பூச்சி தண்டின்ர அடியில இருந்துதான் சாறு உறிஞ்சும், மேலால பாத்தாத் தெரியாது, யூரியா அளவுக்கு மிஞ்சிப் போட்ட வயலிலயும் நெருக்கமா விதைச்ச வயலிலயும் கூடுதலா வரும், கண்டபாட்டுக்கு மருந்தடிச்சா அதைப் பிடிச்சுத் தின்னிற சிலந்தியள் செத்துப் பூச்சி இன்னும் கூடும். காசில்லாமல் வாசிக்க ஈரி எண்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின்ர தளம் இருக்கு, இல்லாட்டி விவசாயத் திணைக்களத்தின்ர 1920 நம்பருக்கு எடுங்கோ, எங்கட விவசாயப் போதனாசிரியரைக் கூப்பிட்டு வயலைக் காட்டுங்கோ." இந்த மெசேஜ் வாசிச்ச ஆள் லிங்கை அமத்தாமலே போய் நெல்லை விலக்கி அடித்தண்டைப் பாக்கும். அப்பிடிப் போட்டா காசு லிங்க் எண்டு ஆரும் கோவிக்க மாட்டினம்.

அடுத்தது, எனக்கு இன்னும் பயமான விசயம். வட்ஸ்அப்பில லிங்க் போட்டா தலைப்பும் படமும் தானா வரும். உள்ளுக்கப் போகேலாத லிங்க் எண்டா ஊர் முழுக்க அந்தத் தலைப்பை மட்டும்தான் வாசிக்கும், அதை வைச்சே முடிவெடுக்கும். கனடா விசாவைப் பற்றி அங்கத்தைப் பத்திரிகை ஒண்டு ஏதும் எழுதினா அந்தத் தலைப்பு ஒரு நாளுக்க புதுக்குடியிருப்பு, விசுவமடு, முழங்காவில் எண்டு ஓடிப்போகும், உள்ளுக்க அது ஆருக்கு, எந்தத் திகதியில இருந்து, என்ன நிபந்தனை எண்டு எழுதியிருக்கிறதை ஒருத்தரும் காணேல்ல, ஆனா ஏஜென்சிக்காரர் அந்தத் தலைப்பைக் காட்டிக் காசு வாங்கத் தொடங்கிடுவினம். காணி ஈடு வைச்சுக் காசு கட்டின குடும்பங்கள் எங்கட பக்கம் இருக்கு, இது சின்ன விசயமில்லை. விசா எண்டா கனடா அரசாங்கத்தின்ர தளமே சும்மா திறக்கும், அதின்ர லிங்க் போடுங்கோ, வெளிநாட்டு வேலை எண்டா வேலைவாய்ப்புப் பணியகத்தின்ர 1989 நம்பருக்கு எடுத்து அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கோ எண்டு கேளுங்கோ. பத்திரிகைக் கட்டுரையை ஆதாரமா அடியில வையுங்கோ.

காணி விசயமும் இப்பிடித்தான். 2025 மார்ச் 28இல வந்த வர்த்தமானியில வடக்கில கிட்டத்தட்ட 5,940 ஏக்கர் காணியைப் பற்றி அறிவித்தல் வந்தது, மூண்டு மாசத்துக்க உரிமை கோராட்டி அரச காணியாகும் எண்டு, அதில முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் எல்லாம் இருந்தது. பிறகு எதிர்ப்பு வந்து அரசாங்கம் அதைத் திரும்ப எடுத்தது. அந்த நாளுகளில ஊருக்குத் தேவைப்பட்டது எந்தக் கிராமம், எந்தத் துண்டு, எந்தத் திகதி எண்டது, அது அரசாங்க அச்சகத்தின்ர தளத்தில மூண்டு மொழியிலயும் வாற வர்த்தமானியில சும்மா கிடக்கிற விசயம். அப்பிடிப்பட்ட நேரத்தில காசுப் பத்திரிகையின்ர ஆய்வுக் கட்டுரை லிங்கைப் போட்டு மூல ஆவணத்தைப் போடாமல் விட்டா அது சனத்துக்குச் செய்யிற அநியாயம். வெள்ளிக்கிழமை வர்த்தமானியில வாற அரச வேலை அறிவித்தலும் அப்பிடியே, அதை எடுத்துத் தங்கட உறுப்பினர் தளத்துக்க பூட்டி வைச்சுக் காசு வாங்கிற ஆக்களின்ர லிங்கை நான் விடவே மாட்டன்.

சட்டம் என்ன சொல்லுது எண்டும் கேட்டிருந்தியள். இலங்கையில 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம்தான் இதுக்கு. அது எழுதின விதத்தைப் பாதுகாக்குது, அதுக்க இருக்கிற கருத்தையும் தகவலையும் பூட்டி வைக்கேல்ல. அதால வாசிச்சு உங்கட சொல்லில சுருக்கிச் சொல்லுறது பிழையில்லை. 11ஆம் பிரிவில விமர்சனம், செய்தி, கற்பித்தல், ஆராய்ச்சி மாதிரித் தேவைக்கு நியாயமான அளவில எடுத்தாளுறதுக்கும் இடம் இருக்கு, எவ்வளவு எடுத்தியள், அதால உரிமைக்காரரின்ர சந்தைக்கு என்ன பாதிப்பு எண்டதெல்லாம் பாப்பினம், ஆகவே ஒரு பந்தி வேற, முழுக் கட்டுரை வேற. வெறும் லிங்கைப் பற்றி ஐரோப்பிய நீதிமன்றம் 2014இல சுவென்சன் எண்ட வழக்கில சொன்னது, எல்லாருக்கும் திறந்து கிடக்கிறதுக்கு லிங்க் குடுக்கிறது உரிமை மீறல் இல்லை, ஆனா சந்தாக்காரருக்கு மட்டும் எண்டு வைச்ச தடையைச் சுத்திப் போகவைக்கிற லிங்குக்கு அனுமதி வேணும் எண்டு. அது எங்கட நாட்டைக் கட்டுப்படுத்தாது, எண்டாலும் நியாயம் விளங்குது, பூட்டில கொண்டுபோய் நிப்பாட்டுற சாதாரண லிங்கால ஒருத்தருக்கும் நட்டமில்லை. பாஸ்வேட் கதை வேற. 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தில அனுமதியில்லாமல் உள்ளுக்கப் போறது குற்றம், நம்பித் தந்த பாஸ்வேட் மாதிரி விபரத்தை அனுமதியில்லாமல் வெளியில விடுறதும் குற்றம். குறூப்பில பாஸ்வேட் வந்தா ஆர் போட்டது எண்டு பாக்காமல் உடன அழியுங்கோ.

இப்ப எங்கட பக்கம் இந்த விசயம் கூடச் சுடுறது சூம் கிளாஸில. ரியூசன் சேர்மார் மாசக் கட்டணம் வாங்கிப் படிப்பிச்சு, றெக்கோடிங்கைக் காசு கட்டின பிள்ளையளுக்கு மட்டும் பூட்டின தளத்தில போடுகினம். அதை ஒரு பிள்ளை இறக்கி ரெலிகிராமில விடுது, லிங்க் ஊர்க் குறூப்புக்கு வருது, "ஏழைப் பிள்ளையள் படிக்கட்டும்" எண்டு ஒரு வசனமும் கூட வருது. அந்த வசனத்தில நியாயம் இருக்கு எண்டு எனக்குத் தெரியும், கிளிநொச்சி ரவுணுக்கு வந்து கிளாஸுக்குப் போக பஸ்ஸுக்கே காசில்லாத பிள்ளையள் அக்கராயனிலயும் இருக்கு, முழங்காவிலிலயும் இருக்கு. எண்டாலும் நான் அந்த லிங்கை விடமாட்டன். அந்தச் சேரும் எங்கட ஊராள்தான், கனபேர் நிரந்தர வேலையில்லாத பட்டதாரியள், இந்த கிளாஸ் காசிலதான் வீடு நடக்குது. லிங்க் கசிஞ்சா ஆற்ற கணக்கில இருந்து போனது எண்டு தேடி, ஒழுங்காக் காசு கட்டின பிள்ளையின்ர கணக்கை மூடுறதும் நடக்குது. அதுக்குப் பிறகு சேர் றெக்கோடிங் போடுறதையே நிப்பாட்டிடுவார், அப்ப கரண்ட் இல்லாததால கிளாஸைத் தவறவிட்ட பிள்ளைக்குத்தான் அடி.

அதுக்குப் பதிலா நேர போய்க் கேளுங்கோ. பிள்ளையின்ர நிலைமையைச் சொன்னா சும்மா சேர்க்கிற சேர்மார், ரீச்சர்மார் எனக்குத் தெரிய எத்தினையோ பேர், வெளியில சொல்லாமல் செய்யினம். குறூப்பில இருக்கிற வெளிநாட்டு ஆக்களிட்ட அந்த மாசக் காசைக் கேளுங்கோ, அங்கத்தை ஒரு சாப்பாட்டுக் காசு அது, ஆனா பிள்ளையின்ர பேரை குறூப்பில போடாமல் தனியாக் கேளுங்கோ, அது முக்கியம். இலவசமாக் கிடக்கிறதும் கனக்க, கல்வி வெளியீட்டுத் திணைக்களத் தளத்தில பாடப்புத்தகம் தமிழில பிடிஎவ்வாக் கிடக்கு, தேசிய கல்வி நிறுவகத் தளத்தில ஆசிரியர் வழிகாட்டி கிடக்கு, கல்வி அமைச்சின்ர ஈ-தக்சலாவ எண்ட இணையப் பாடத் தளம் இருக்கு, பரீட்சைத் திணைக்களத் தளத்தில கடந்தகால வினாத்தாள் இருக்கு. ஆசிரியர் வழிகாட்டியில ஒரு அலகில என்ன எதிர்பாக்கினம் எண்டு அப்பிடியே எழுதியிருக்கு, அதை வாசிக்கிற பிள்ளையள் குறைவு, ஆராவது ஒரு ரீச்சர் அதை அலகு அலகாப் பிரிச்சு குறூப்பில போட்டு விட்டாப் பெரிய உதவி.

ஒரு வகை உறுப்பினர் தளத்தை மட்டும் கேள்வியில்லாமல் தடைசெய்யுங்கோ. "முதல் இவ்வளவு கட்டிச் சேருங்கோ, பிறகு மூண்டு பேரைச் சேத்தா உங்களுக்குக் காசு" எண்டு வாறதுகள். ஆக்களைச் சேக்கிறதால மட்டும் காசு வருது எண்டா அது பிரமிட் திட்டம், வங்கிச் சட்டத்தின்ர 83சீ பிரிவின்படி இலங்கையில தடை, மத்திய வங்கி பேர்ப் பட்டியலும் போட்டிருக்கு. ஊர்க் குறூப்பில வந்தா சொந்தக்காரர் சொல்லுறார் எண்டு நம்பிச் சனம் சேரும், அதாலதான் அதுகள் ஊர்க் குறூப்புகளைத் தேடி வருது. அதோட நல்ல தளமா இருந்தாலும் உங்கட லிங்கால ஒருத்தர் சேந்தா உங்களுக்குக் கொமிசன் வருமெண்டா அதைச் சொல்லிப்போட்டுப் போடுங்கோ. "ஏழு நாள் இலவசம்" எண்டு காட் நம்பர் கேக்கிறதையும் எச்சரியுங்கோ, எட்டாம் நாள் தானா காசு வெட்டும், நிப்பாட்டுற பொத்தான் எங்க எண்டு கண்டுபிடிக்கிறதுக்கிடையில அடுத்த மாசமும் வந்திடும்.

அட்மினா நீங்கள் செய்யிறதுக்குச் சொல்லுறன். குறூப் விபரத்தில ரெண்டு வரி எழுதி வையுங்கோ: "காசுத் தளத்தின்ர லிங்க் போடுறவை அது காசு எண்டும், உள்ளுக்க என்ன எண்டும் சேத்து எழுதுங்கோ. பாஸ்வேட், கிளாஸ் றெக்கோடிங், ஆக்கள் சேக்கிற திட்டம் போட்டா அழிக்கப்படும்." இதுக்கு மேல நீட்டாதேங்கோ, நீட்டினா ஒருத்தரும் வாசிக்காயினம். வெறும் லிங்க் வந்தா எல்லாருக்கும் முன்னால பேசாமல் அந்த ஆளுக்குத் தனிய ஒரு மெசேஜ் போடுங்கோ, வயசான ஆக்கள் மனம் நொந்து குறூப்பை விட்டுப் போனா அவையிட்ட இருக்கிற பழைய அறிவும் போயிடும். எழுதப் பஞ்சிப்படுற ஆக்கள், தமிழ் ரைப் பண்ணத் தெரியாத ஆக்கள் கனபேர், அவையிட்ட எழுதச் சொல்லிக் கேக்காதேங்கோ, "மாமா, நீங்கள் வாசிச்சதை ஒரு நிமிச வொய்ஸில சொல்லுங்கோ" எண்டு கேளுங்கோ, சந்தோசமாச் செய்வினம், வட்ஸ்அப் பக்கேஜ் மட்டும் வைச்சிருக்கிற ஆளுக்கும் கேக்கும், எழுத்து வாசிக்கக் கஸ்ரப்படுற அம்மம்மாவுக்கும் விளங்கும். அந்த வொய்ஸுக்கு கீழ லிங்க் காசுத் தளமா இருந்தா இருக்கட்டும்.